ஏசி இல்லாத பின்னறை

போன வாரம் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவர் சோளம் சுட்டுக்கொண்டிருந்தார். பழைய பெயிண்ட் வாளியில் கரியைக் கொட்டி, ஓர் அட்டைத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்ததால், சோளம் வாங்காதவர்கள்கூட அந்தச் சூட்டுக்காக நெருங்கி நின்றார்கள். மஸ்கெலியா பஸ்ஸுக்கு நின்ற நான் மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப்போய் மழையில் நின்றேன்.

"என்ன டீச்சர், கரி வாசம் ஒத்துக்கலையா?" என்று தெரிந்த ஒருத்தி கேட்டாள்.

ஆமாம் என்று மட்டும் சொன்னேன். திறந்தவெளியில் எரியும் கரி யாரையும் ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அங்கே கால் நிற்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மனதுக்குள் உன்னோடு பேச ஆரம்பித்துவிட்டேன். நோர்வூட் தாண்டுவதற்குள் பேச்சு சண்டையாகிவிட்டது. நீ இருந்தபோதும் அப்படித்தானே. அதனால்தான் இதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதும்போதாவது நீ குறுக்கே பேசமாட்டாய்.

நாம் இரண்டு பேரும் ஒரே தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தச் சுவரும் கூரைவரை எட்டவில்லை. உங்கள் வீட்டு அடுப்புப் புகை எங்கள் வீட்டுக்கு வரும், எங்கள் வீட்டுச் சண்டை உங்கள் வீட்டுக்குப் போகும். நான் படித்து அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சரானேன். நீ கொழுந்து பறித்தாய், கல்யாணம் கட்டினாய். கைக்குழந்தையாக ரஞ்சனியை விட்டுவிட்டு உன் புருஷன் வேறு ஊருக்குப் போய்த் திரும்பி வராதபோது, அவளை என்னிடம் கொடுத்துவிட்டு நீ குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாய். ரஞ்சனி என் வீட்டில் வளர்ந்தாள். என்னைச் சின்னம்மா என்றாள். உன்னை ஃபோனில் மட்டும் அம்மா என்றாள்.

நீ நிரந்தரமாகத் திரும்பி வந்தபோது ரஞ்சனி கண்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நீ தோட்டத்துக்கு வரவில்லை. நுவரெலியா டவுனுக்கு வெளியே, கரட்டும் லீக்ஸும் போட்ட தோட்டங்களுக்கு மேலே, ஒரு துண்டுக் காணி வாங்கி வீடு கட்டினாய். முன்னால் இரண்டு நல்ல அறைகள், குளியலறையோடு. பின்னால் சமையல்கட்டு, அதை ஒட்டி ஒரு சின்ன அறை. முன்னறைகள் இரண்டும் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு. "இனிமே நான் யாரு வீட்டுலயும் வேலை செய்ய மாட்டேன்டி. என் வீட்டுக்கு ஆளுங்க வருவாங்க," என்றாய். வீடு குடிபுகுந்த அன்று நீ சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

முதல் சீசனிலேயே குளிர் உன் தொழிலுக்கு எதிரியாக வந்தது. கொழும்பிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்தவர்கள் கம்பளிக்கு மேல் கம்பளி கேட்டார்கள். ஒரு குடும்பம் குழந்தைக்குச் சளி பிடித்துவிட்டது என்று இரண்டாம் நாள் காலையிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. பக்கத்துத் தங்குமிடக்காரர் உன்னிடம், இரும்புச் சட்டியில் கரியைப் போட்டு அறைக்குள் வைத்துவிடுங்கள், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம் என்றார். நீ கேட்கவில்லை.

"மூடுன ரூமுக்குள்ள நெருப்பை வச்சிட்டு நான் எப்படி நிம்மதியா இருக்கிறது? புள்ளைங்க எழும்பி நடந்தா? போர்வை விழுந்தா? வந்தவங்க உசிரு நம்ம பொறுப்புடி."

இதை நீ என்னிடம் சொன்னாய். உன் வாயால்.

பிறகுதான் ஏசி என்றாய். நான் சிரித்தேன். நுவரெலியாவில் ஏசி வைப்பது, மழையில் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி என்றேன். நீ எனக்குப் பொறுமையாக விளக்கினாய்: குளிர் தரும் ஏசி ஒரு சாதி, குளிரும் சூடும் இரண்டும் தரும் ஏசி இன்னொரு சாதி. குவைத்தில் மார்கழி மாதத்தில் பாலைவனக் குளிர் வரும்போது அதே பெட்டியைத் திருப்பிப்போட்டால் சூடு வருமாம். நெருப்பு இல்லை, புகை இல்லை, குழந்தை கையை விட்டாலும் சுடாது. அன்றிலிருந்து லீவு நாள் எல்லாம் எனக்கு ஏசி தேடுகிற வேலையானது. நீ சிங்களம் நன்றாகப் பேசுவாய். ஆனால் இங்கிலீஷில் அச்சடித்த தாளைப் படிக்க டீச்சர் வேண்டும் என்பாய்.

முதலில் ஹட்டனில் நாம் நானா என்று கூப்பிடும், நமக்குத் தெரிந்த முஸ்லிம் அண்ணனின் கடைக்குப் போனோம். ஃபேன், ரைஸ் குக்கர், டிவி விற்கிற கடை. அவர் நம்மை உட்காரவைத்து பிளேன்டீ வரவழைத்துவிட்டுத்தான் சிரித்தார்.

"நுவரெலியாக்கு ஏசியா தங்கச்சி? நான் இந்தக் கடை தொறந்து இன்னைக்கு வரைக்கும் மேல ஒண்ணும் அனுப்பினதில்ல."

"சூடு தர்ற ஏசி நானா," என்றாய்.

"அது ஈக்குது. கொழும்புல சொன்னா கொண்டாந்து தருவாங்க. நான் வித்திட்டு லாபத்தை எடுத்துக்குவன். ஆனா தங்கச்சி, மூணு மாசத்துல அது நின்னுச்சுன்னா யாரு வந்து பாக்குறது? கொழும்புல இருந்து இந்த மலைக்கு ஒருத்தனும் வர மாட்டான். மொதல்ல திருத்துற ஆளைத் தேடுங்க. அவரு எந்த மெஷினைத் திருத்துவேன்னு சொல்றாரோ அதை வாங்குங்க."

விற்க வேண்டியவர் விற்காமல் அனுப்பிய அந்தப் பேச்சு உனக்குப் பிடித்துப்போனது. ஆனாலும் நீ விடவில்லை. கண்டியில் பெரிய கடையில் ஒருதரம் பார்த்துவிடுவோம் என்றாய். அங்கே கழுத்துப்பட்டி கட்டிய விற்பனையாளர் ஒரு ஏசியைக் காட்டி, இதில் எல்லாம் உண்டு என்றார். ரிமோட்டைக் காட்டினார். பனிப்பூப் படம் குளிருக்கு, நீர்த்துளிப் படம் ஈரத்துக்கு, சூரியன் படம் சூட்டுக்கு. சூரியன் இருக்கிறதே, சரிதான் என்று நான் நினைத்தேன். நீ அவரிடம் அதைப் போட்டுக் காட்டச் சொன்னாய். சூரியனை அழுத்தினார். கை நீட்டி நின்றோம். குளிர்காற்றுதான் வந்தது. கொஞ்ச நேரம் ஆகும் என்றார். கையை எடுக்காமல் நின்றோம். குளிர்தான் வந்தது. பிறகு நீ வெளியே வைக்கும் பெட்டியில் ஒட்டியிருந்த தாளைப் படிக்கச் சொன்னாய். அதில் குளிர்விக்கும் அளவு மட்டும்தான் போட்டிருந்தது. சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரிமோட்டை எல்லா மாடலுக்கும் ஒரே மாதிரி செய்கிறார்கள், சூரியன் படம் இருந்தால் சூடு வரும் என்று அர்த்தமில்லை என்று அவரே கடைசியில் ஒத்துக்கொண்டார்.

"ரிமோட்டைப் பாத்து வாங்குனா நம்ம கதை அவ்வளவுதான்," என்று நீ பஸ்ஸில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். பேராதனை தாண்டியும் சிரித்தாய்.

திருத்துகிறவரைத் தேடிக் கண்டுபிடித்தது நீதான். டவுனில் இரண்டு ஹோட்டல்களின் குளிர் அறைகளையும் ஏசிகளையும் பார்க்கிற சுமித். நாற்பது வயது மதிக்கத்தக்க, அதிகம் பேசாத மனிதர். சிங்களமும் தமிழும் கலந்து பேசுவார். வீட்டுக்கு வந்து அறைகளை நடந்து அளந்தார், ஜன்னலைத் தட்டிப் பார்த்தார், மின்கம்பத்திலிருந்து வரும் வயரை அண்ணாந்து பார்த்தார்.

"அக்கா, பெரிய மெஷின் வாங்காதீங்க. ரூமுக்கு ஏத்த மாதிரி போதும். பெருசு வாங்குனா அடிக்கடி நின்னு நின்னு ஓடும், சீக்கிரம் கெட்டுப்போகும். இன்வெர்ட்டர் எடுங்க. இங்க பின்னேரத்துல கரண்ட் எறங்கும், அதைத் தாங்குறது வேணும். குழாய் செம்பா இருக்கணும். சூட்டுல போடுறப்ப வெளிய உள்ள பெட்டியில பனி புடிக்கும்; அதை அதுவே உருக்கித் தண்ணியா விடுற மாடல் வேணும். தண்ணி போக வழி வைக்கணும்."

எந்த இரண்டு கம்பெனிக்கு அவரிடம் உதிரிப்பாகம் கிடைக்கும் என்றும் சொன்னார். வாடகைக்கு விடுகிற அறை என்றால் ரிமோட்டில் ஒரு அளவுக்கு மேல் கூட்ட முடியாதபடி பூட்டலாம் என்றார். மாதம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவச் சொன்னார். "அது எனக்குத் தெரியும் தம்பி," என்று நீ சொன்னாய். நீ சொன்ன விதத்தில் அவர் மேலே விளக்கவில்லை.

கடைசியாக அவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, சூடு வெளியே போகாமல் இருக்க ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாவற்றையும் கறுப்பு ஸ்பொஞ்ச் பட்டி ஒட்டி அடைக்க வேண்டும். இன்னொன்று, இந்த வீட்டு லைன் இரண்டு ஏசிக்கும் விளக்குகளுக்கும்தான் தாங்கும். பின்னறையில் எதையாவது போட்டால் ட்ரிப் விழுந்துவிடும். மூன்றாவதாக ஒன்று வேண்டுமென்றால் பெரிய லைனுக்கு விண்ணப்பம் போட வேண்டும், அதற்குக் காலம் எடுக்கும்.

"எனக்கு எதுக்கு?" என்றாய். "நான் இந்தக் குளிருலயே பொறந்தவ."

அவர் சொன்ன மெஷினையே வாங்கினோம், நானாவின் கடை வழியாகவே. மாட்டிய அன்று முதன்முதலாகச் சூட்டில் போட்டபோது நீ அந்தப் பெட்டிக்குக் கீழே, தலையில் காற்றுப் படும்படி நின்றாய். வெளியே மலை முழுக்கப் பனிமூட்டம். உள்ளே நீ சேலைத் தலைப்பைத் தளர்த்திவிட்டாய். வெயிலில் நிற்பவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டாய். உனக்கு அந்தக் காற்று அவ்வளவு பிடித்திருந்தது. பிறகு ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டு, மெத்தை விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தாய். அதற்குப் பிறகு ஆள் இல்லாத நாட்களில்கூட நீ அந்த அறையில் படுத்ததாக எனக்குத் தெரியாது.

அறைகள் நிறைந்தன. ஒருவர் சொல்லி ஒருவர் வந்தார்கள். இந்த விலைக்கு இவ்வளவு கதகதப்பான அறை இந்த ஊரில் இல்லை என்று ஃபோனில் எழுதிப்போட்டார்கள். நீ எனக்கு அனுப்பி வாசித்துச் சொல்லச் சொல்வாய். ஒரே வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொல்வாய். அந்தக் காலத்தில் ஏசி ஒரு நாளும் நிற்கவில்லை. மின்வெட்டு வந்தபோது நின்று, கரண்ட் வந்ததும் தானாகவே ஓடியது.

உன் பின்னறைதான் சகிக்கவில்லை. சமையல்கட்டுக்குப் பின்னால், மலைச்சரிவை ஒட்டிய சுவர். மழைக்காலத்தில் அந்தச் சுவர் வேர்க்கும். நீ இருமத் தொடங்கினாய். நான் வந்து தங்கிய நாட்களில் உன் தலையணைகூட ஈரமாக இருப்பது மாதிரி தோன்றும். ஒரு சின்ன ஹீட்டர் வாங்கிக்கொண்டு வந்தேன். மாட்டிய உடனே ட்ரிப் விழுந்து வீடு முழுக்க இருட்டானது. முன்னறையிலிருந்து ஒருவர், "என்ன, ஏசி நின்னுபோச்சு?" என்று குரல் கொடுத்தார். நீ ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டாய். திரும்பி வந்து ஹீட்டரைப் பெட்டிக்குள் போட்டு என் பையில் வைத்தாய்.

"நீ கொண்டு போ. ஒன் வீட்டுல வை."

"ஒரு ரூமை நீ வச்சுக்கடி. ஒரு ரூமை மட்டும் வாடகைக்கு விடு," என்றேன்.

"ரஞ்சனி கல்யாணம் முடியட்டும்."

"பெரிய லைனுக்காவது எழுதிப் போடு."

"போடுறேன் டீச்சரு. சீசன் முடியட்டும்."

அப்புறம் நீ என்னைப் பேசவிடவில்லை. கரட் வெட்ட ஆரம்பித்துவிட்டாய்.

அந்தத் தை மாதம் பனி கடுமையாக விழுந்தது. காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது என்று நீ ஃபோனில் சொன்னாய். உன் மூச்சில் விசில் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது, வயசான அம்மா ஒருவர் இருக்கிறார், அவர்கள் போகட்டும், போகிறேன் என்றாய். அதுதான் நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. ஆஸ்பத்திரியைப் பற்றிய பேச்சு. இப்படியொரு பேச்சோடு முடியும் என்று தெரிந்திருந்தால் வேறு ஏதாவது பேசியிருப்போம்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் காலைக்கூட்டம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். உன் நம்பரிலிருந்து ஃபோன் வந்தது. ஆனால் ஓர் ஆணின் குரல்.

"நீங்கள் டீச்சரோ? இந்தப் போனில கடைசியா உங்களோடதான் கதைச்சிருக்கிறா. நாங்கள் இவவின்ர வீட்டில தங்கியிருக்கிறம். போன் குசினி மேசையில கிடந்தது. அவ விடியத் தொடக்கம் எழும்பேல்லை. கதவைத் தட்டுறம், சத்தமே இல்லை."

"கதவை உடைங்க," என்றேன்.

"உடைக்கட்டோ?"

"உடைங்க ஐயா. உடைங்க."

ஃபோனை வைக்காமல் அவர் போனார். மரம் முறிகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண் அலறியது கேட்டது. பிறகு அவர் இருமினார். "ஜன்னலைத் திறவுங்கோ, ஜன்னலைத் திறவுங்கோ," என்று யாரிடமோ கத்தினார். சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஹட்டன் வரை பஸ்ஸிலும் அங்கிருந்து வாடகை வேனிலும் வந்தேன். தலவாக்கலை தாண்டும்போது வெயில் நன்றாக ஏறியிருந்தது. அப்படியொரு தெளிந்த நாளை அந்தப் பக்கம் அபூர்வமாகத்தான் பார்க்க முடியும். கொழுந்து பறிப்பவர்கள் மலையில் இருந்தார்கள். எதுவும் நடக்காத மாதிரி எல்லாரும் அவரவர் வேலையில் இருந்தது எனக்குத் தாங்கவில்லை.

நான் வந்து சேர்ந்தபோது உன்னை எடுத்துப்போயிருந்தார்கள். பின்னறை வாசலில் ஒரு போலீஸ்காரர் நின்றார். உள்ளே உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இரும்புச் சட்டி. சாம்பல் நிறைய இருந்தது. வெளியே வைத்து நன்றாகக் கனிந்தபிறகுதான் உள்ளே கொண்டுபோயிருக்கிறாய். கொல்லையில் கரித்துண்டுகளும் விசிறியும் கிடந்தன. புகை அடங்கினால் பயமில்லை என்று நினைத்திருக்கிறாய். புகையில்லாத கங்கிலிருந்தும் விஷவாயு வரும், அதற்கு நிறமும் இல்லை வாசமும் இல்லை என்று பிறகு டாக்டர் எனக்குச் சொன்னார். கதவைச் சுற்றி, ஜன்னலைச் சுற்றி, கறுப்பு ஸ்பொஞ்ச் பட்டி. முன்னறைகளுக்கு ஒட்டி மிஞ்சியதை நீ உன் அறைக்கும் ஒட்டியிருந்தாய். கதவுக்கு அடியில் ஒரு சாக்கை மடித்துச் செருகியிருந்தாய்.

நம் லயத்தில் அடுப்பு இரவெல்லாம் கனன்றுகொண்டிருக்கும். அதற்குப் பக்கத்திலேதான் படுத்து வளர்ந்தோம். அங்கே தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழைகிற இடுக்கு இருந்தது, கதவுப் பலகைகளுக்கு நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அந்த ஓட்டைகளைத் திட்டிக்கொண்டே வளர்ந்தோம். நீ குவைத்தில் உழைத்து ஓர் ஓட்டைகூட இல்லாத வீடு கட்டினாய்.

ஃபோனில் பேசிய யாழ்ப்பாணத்துப் பெரியவர் முற்றத்தில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய தாயார் காருக்குள் போர்வையோடு இருந்தார். என்னைக் கண்டதும் பெரியவர் எழுந்து வந்தார்.

"ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவுக்குக் குளிருதோ எண்டு கேட்டு வந்து, ரிமோட்டை வாங்கி ரெண்டு கூட்டிவிட்டிட்டுப் போனவ. நாங்கள் நல்ல நித்திரை." காருக்குள் இருந்த தாயாரைத் திரும்பிப் பார்த்தார். "நாங்கள் நல்லா நித்திரை கொண்டிட்டம் டீச்சர்," என்று மறுபடியும் சொன்னார். ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி சொன்னார்.

முன்னறைகளில் ஏசி அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் போய் அணைத்தேன்.

மரண விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர். சிங்களத்தில் கேட்டார், நானும் சிங்களத்தில் பதில் சொன்னேன். வயது, நோய்நொடி ஏதும் உண்டா, யாரோடாவது பகை உண்டா. எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை வைத்துவிட்டு, எழுதுவதற்காக இல்லாமல், தனக்காகக் கேட்டார்: "இரண்டு ஏசி உள்ள வீட்டில், வீட்டுக்குச் சொந்தக்காரி ஏன் கரி மூட்டினார்?"

வயர் தாங்காது என்றேன். அவர் தலையாட்டினார். ஆனால் அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. மூன்றாவது ஏசிக்குத்தான் வயர் தாங்காது. இரண்டில் ஒன்றை வாடகைக்கு விடாமல் நீ அதன் கீழே படுத்திருக்கலாம்.

பதில் எனக்குக் கிடைத்தது உன்னை அடக்கம் செய்து சில நாள் கழித்து, உன் சமையல்கட்டைக் கழுவும்போது, நீ முன்பு சொன்ன ஒன்று நினைவுக்கு வந்து. குவைத்து வீட்டைப் பற்றி நீ எனக்கு ஒரே ஒருமுறைதான் விவரமாகச் சொன்னாய். நீ லீவில் வந்திருந்த சமயம், என் வீட்டு வாசலில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, சிரிப்புக் கதை மாதிரி சொன்னாய். அந்த வீட்டில் எல்லா அறைக்கும் ஏசி. வாரம் ஒருதரம் ஏணி வைத்து ஏறி எல்லா வடிகட்டியையும் கழற்றிக் கழுவுவது உன் வேலை. "மேடம் ரூமு ஏசி சத்தமே போடாதுடி, அவ்வளவு நல்ல ஏசி." உனக்குக் கொடுத்த அறை சமையல்கட்டுக்குப் பின்னால், அரிசி மூட்டை அடுக்குகிற அறை. அதற்கு ஏசி இல்லை. அதன் சுவருக்கு வெளியேதான் வீட்டு ஏசிகளின் பெட்டிகளெல்லாம் வரிசையாக நின்றன. அவை கக்கும் அனல் முழுக்க உன் சுவரில் அடிக்கும். ராத்திரியில் தரையில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் படுப்பாயாம். அத்தனை வருஷம்.

உன் சொந்த வீட்டுக்குப் படம் போட்டவள் நீ. எந்த அறை எங்கே என்று மேசனிடம் சொன்னவள் நீ. சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையைப் போட்டு, அது உன்னுடையது என்றாய். அங்கே அனலில் கிடந்தாய், இங்கே குளிரில் கிடந்தாய். இனி யார் வீட்டிலும் வேலை செய்யமாட்டேன் என்று சொன்னவள், வேலைக்காரியின் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. யாரும் உன்னை அங்கே போய்ப் படு என்று சொல்லவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ரஞ்சனி காரியம் முடிகிறவரை அழவில்லை. முடிந்த மறுநாள் பின்னறைக்குள் போனாள். நான் போய்ப் பார்த்தபோது கதவுச் சட்டத்திலிருந்து அந்த ஸ்பொஞ்ச் பட்டியை நகத்தால் கிழித்துக்கொண்டிருந்தாள். பசை விடவில்லை. கத்தியால் சுரண்டினாள். கையெல்லாம் கறுப்பு.

"நான் கேட்டேனா சின்னம்மா?" என்றாள். "கல்யாணத்துக்குச் சேத்து வைங்கன்னு நான் கேட்டேனா? எங்கம்மாகூட ஒரு வருஷம் சேந்தாப்புல இருந்ததில்ல நான். இங்க வந்து படுத்தாலும் என்னை முன் ரூமுல படுக்கச் சொல்லிட்டு அது இங்க வந்துரும்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கீழ்ப்பக்கத்துப் பட்டியைக் கிழித்தேன். சாயந்தரம் வரை இரண்டு பேரும் அதைத்தான் செய்தோம்.

இப்போது அந்த வீடு ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்குப் போய்விட்டது. பின்னறையில் யாரும் படுக்கக்கூடாது என்று ரஞ்சனி ஒப்பந்தத்தில் எழுத வைத்தாள். ஏன் என்று அவர்கள் கேட்டார்கள், நான் சொன்னேன். அவர்கள் அங்கே சைக்கிளும் கிழங்கு மூட்டையும் போட்டிருக்கிறார்கள். ஏசிகள் இரண்டும் இன்னும் நன்றாக ஓடுகின்றன. சுமித் வருஷத்துக்கு ஒருதரம் வந்து பார்க்கிறார்; காசு வாங்கமாட்டேன் என்கிறார், ரஞ்சனி கொடுத்தே அனுப்புகிறாள். ஒரு பழுதும் இல்லையாம். நீ நல்ல ஏசியைத்தான் தேர்ந்தெடுத்தாய்.

உன்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. செத்தவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். நான் படுகிறேன். துக்கம் ஒரு நாள் குறைந்தாலும் குறையும். இந்தக் கோபம் குறைய வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். இதற்கு ஒரு வேலை இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை வட்டவளைக்குப் போனேன். என்னிடம் படித்த மாலதி, ரெயில் பார்க்க வருகிற ஆட்களுக்கு விட என்று வீட்டு மாடியில் மூன்று அறை கட்டியிருக்கிறாள். அங்கே குளிரைவிட ஈரம்தான் பிரச்சினை. துணி காயாது, மெத்தை பூஞ்சணம் பிடிக்கும். ஏசி போட்டால் சரியாகுமா, எது நல்லது என்று கேட்டிருந்தாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். முதலில் திருத்துகிற ஆளைத் தேடு, பிறகு மெஷினைத் தேடு. ரிமோட்டை நம்பாதே, வெளியே வைக்கிற பெட்டியைப் படி. ரூமுக்கு ஏற்ற அளவு எடு. அவள் எல்லாவற்றையும் ஃபோனில் பதிந்துகொண்டாள். மூன்று அறையையும் காட்டினாள். புது மெத்தை, புதுத் திரைச்சீலை, எல்லாம் அழகாக இருந்தன.

"சரி, நீ எங்க படுக்குற?" என்று கேட்டேன்.

"நானா டீச்சர்?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கீழே கூட்டிப்போய், படிக்கட்டுக்கு அடியில் இருந்த இடத்தைக் காட்டினாள். ஒரு பாய், ஒரு தலையணை, சுவரில் ஆணியடித்து மாட்டிய இரண்டு சட்டை. "எனக்கு இது போதும் டீச்சர். மேல வர்ற ஆளுங்களுக்குத்தானே."

நான் அந்தப் பாயில் உட்கார்ந்துவிட்டேன். சுவர் முதுகில் ஈரமாகப் பட்டது. உன் கதையை அவளுக்குச் சொன்னேன், உன் பேரைச் சொல்லி, சட்டியைச் சொல்லி, சாக்கைச் சொல்லி. அவள் சிரிப்பு நின்றது. டீ ஊற்றட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். எழுந்திருங்க டீச்சர், பஸ் போய்விடும் என்றாள். போகட்டும் என்றேன். என் வயசுக்கு அப்படி அடம்பிடிப்பது அழகில்லைதான். பிறகு தலையணையையும் சட்டைகளையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். திரும்பி வந்து பாய்க்காகக் கை நீட்டினாள். அப்போதுதான் எழுந்தேன்.

நான் பஸ் ஏறியதும் அவள் எல்லாவற்றையும் மறுபடி கீழே இறக்கியிருக்கலாம். எனக்குத் தெரியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் போய்ப் பார்ப்பேன்.